பதினெட்டு நூல்

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மகனும் மருமகளும் பேத்தியும் சுகம். தாங்களும் சம்பந்தி ஐயாவும் சுகமாக இருப்பதாக மருமகள் மூலம் அறிகிறேன். நேரில் கேட்டு அறியலாம் என்றால், நான் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் தாங்கள் குளித்துக்கொண்டிருக்கிறீர்கள். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் குளிக்கும் அளவுக்கு அங்கே வெயில் கடுமையாக இருப்பது குறித்து வருந்துகிறேன். ஐயாவின் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தங்கள் தையல் இயந்திரம் சில மாதங்களாக ஒரு பக்கம் ஆட்டம் கண்டு, நேராகப் போக வேண்டிய தையலெல்லாம் நெளிந்து நெளிந்து போவதாகக் கேள்விப்பட்டேன். நல்ல ஆளாகப் பார்த்துக் காட்டவும். வீட்டு மனிதர்களை அதில் கை வைக்க விட வேண்டாம். ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

நான் படித்த கான்வென்டில், கடிதத்தின் காரியம் முதல் பத்தியைத் தாண்டிவிட்டால் சிஸ்டர் பாதி மதிப்பெண்ணை வெட்டிவிடுவார். ஏற்கெனவே தாண்டிவிட்டது, அதற்குத் தங்கள் தையல் இயந்திரம்தான் பொறுப்பு. காரியம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் பேத்திக்கு இரண்டாவது பிறந்தநாள். "அந்த நாற்காலி அந்தக் கூடத்துல இருக்கற வரைக்கும் நாங்க அந்த வீட்டு வாசல் மிதிக்க மாட்டோம்" என்று தாங்கள் சொன்னதாக மருமகள் சொன்னாள். சொல்லும்போது பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். துலக்கி வைத்த டம்ளரையே எடுத்து மறுபடி மறுபடி துலக்கினாள். நாற்காலி எங்கும் போகாது. அது ஒரு கப்பல் கம்பெனி தன் அலுவலகத்தை மூடியபோது என் கணவர் ஏலத்தில் எடுத்து வந்த சுழல் நாற்காலி. அவர் போன பிறகும் கூடத்தில் அவர் இடத்தைக் காலி இல்லாமல் வைத்திருப்பது அது ஒன்றுதான். அதே சமயம் தாங்களும் வர வேண்டும். இரண்டும் நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் நல்ல தாளில் இவ்வளவு எழுதுகிறேன்.

சென்ற முறை தாங்கள் வந்திருந்தபோது நடந்ததை நான் மறுக்கவில்லை. ஐயா நாற்காலியில் அமர்ந்தார். காப்பியை வாங்கினார். பின்னால் சாய்ந்தார். அடியிலிருந்து ஒரு போல்ட் கழன்று விழுந்தது, இருக்கை ஒரு பக்கமாகக் கவிழ்ந்தது, ஐயா தரைக்கு வந்தார், காப்பி ஐயாவுக்குப் பின்னால் வந்தது. அப்போது நான், "இது முப்பது வருஷமா எத்தனையோ பேரத் தாங்கின நாற்காலி" என்றேன். தாங்கள் உடனே, "அப்ப எங்க வீட்டுக்காரர்தான் பாரம்னு சொல்றீங்களா" என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்தீர்கள். சம்பந்தி அம்மா, அந்த வாக்கியத்தைத் தாங்கள் இலக்கணப்படி பிரித்துப் பார்க்க வேண்டும். எழுவாய் 'இது', பயனிலை நாற்காலி. ஐயா அந்த வாக்கியத்தில் இல்லவே இல்லை.

தாங்கள் போன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டேன். இருக்கையை அடியிலுள்ள இரும்புத் தகட்டோடு பிடித்து வைத்திருப்பவை நான்கு போல்ட்டுகள். மூன்று இடத்தில் இருந்தன. நான்காவது மருமகள் கையில், காப்பி பிசுபிசுப்புடன் இருந்தது. மூன்றில் ஒன்றைக் கழற்றி, கழன்று விழுந்ததையும் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியும் அடிக்கோலுமாக உட்கார்ந்தேன். போல்ட்டின் உடம்பில் சுற்றிச் சுற்றி ஓடுகிறதே, அந்த வரியை ஆங்கிலத்தில் த்ரெட் என்பார்கள். த்ரெட் என்றால் நூல். எனவே நானும் நூல் என்றே எழுதுகிறேன். பழைய போல்ட்டில் ஓர் அங்குலத்துக்குப் பதினெட்டு நூல். கழன்று விழுந்ததில் இருபது. என் மகனின் புத்தக அலமாரியில் இருந்த பொறியியல் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். நாற்காலி அங்குலத்தில் பிறந்தது. கழன்று விழுந்த போல்ட் மில்லிமீட்டரில் பிறந்தது. இரண்டுக்கும் பருமன் ஏறக்குறைய ஒன்றுதான். வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு சுற்று ஒத்துப்போவதுபோல் போகும், மூன்றாவது சுற்றில் முரண்டு பிடிக்கும். உறவுகளிலும் இப்படி உண்டு. நான் யாரையும் குறிப்பிடவில்லை.

ஆக, நாற்காலி மேலும் குற்றமில்லை, ஐயாவின் உடம்பு மேலும் குற்றமில்லை. குற்றம் அந்த போல்ட் மேல். அதை யார் போட்டது என்ற கேள்வி எழுகிறது. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மழைக்காலத்தில் வந்திருந்தபோது, நாற்காலியில் ஒரு போல்ட் குறைகிறது என்று கண்டுபிடித்தவர் ஐயா. அடுத்த முறை வந்தபோது, வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, தம் கருவிப் பையைத் திறந்து எங்கிருந்தோ ஒரு போல்ட்டை எடுத்துப் போட்டவரும் ஐயா. ஐயாவின் நல்ல மனதை நான் அறிவேன். ஐயாவின் பழுதுபார்ப்பையும் அறிவேன். எங்கள் அழைப்பு மணியைச் சரி செய்தார்; அன்று முதல் அதை அழுத்தினால் நிற்பதில்லை, சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டால்தான் நிற்கிறது. குளியலறைக் குழாயைச் சரி செய்தார்; இப்போது அதைத் திறக்க வேண்டுமானால் மூட வேண்டும். என் மகன் பொறியாளர். எதையும் அளக்காமல் தொடமாட்டான், அந்த விஷயத்தில் அவன் என் வார்ப்பு. ஆனால் மாமனார் கை வைத்த இடத்தில் மறுபடி கை வைப்பது மரியாதை இல்லை என்று விட்டுவிடுகிறான். நான் அவனிடம் இதைப் பற்றி விசாரிக்கக்கூட இல்லை. தேவைப்படவில்லை.

சரியான போல்ட்டை வாங்கி மாட்டிவிட்டால் நாற்காலியின் மானமும் ஐயாவின் மானமும் ஒரே சமயத்தில் மீளும் என்று, மாதிரிக்குப் பழைய போல்ட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஹார்டுவேர் கடைத்தெருவுக்குக் கிளம்பினேன். மருமகள் கூட வருகிறேன் என்றாள். ஒரு போல்ட் வாங்க இரண்டு பேரா என்று விட்டுவிட்டேன். அந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் போல்ட் இருக்கிறது, எல்லாமே மில்லிமீட்டர். முதல் கடையில் ஒருவர் என் கைக்குட்டையைப் பார்த்தவுடனேயே "எட்டு எம்எம்" என்று எடுத்து வைத்தார். இது எட்டு எம்எம் இல்லை, எட்டு எம்எம் மாதிரி இருக்கிறது என்றேன். எட்டு எம்எம் மாதிரி இருந்தால் அது எட்டு எம்எம்தான் என்றார். இது தர்க்கத்தில் பெரிய பிழை என்று நான் விளக்கத் தொடங்கியதும் அவருக்குத் தொலைபேசி வந்துவிட்டது. மணி அடித்ததாக எனக்குக் கேட்கவில்லை. அடுத்த கடையிலும் எட்டு எம்எம். நான் சொல்லிப் பார்த்தேன். "ரெண்டு சுத்து ஏறுதுல்ல? அதுக்கப்புறம் சுத்தியலால ஒரு தட்டு தட்டினா தன்னால போயிரும்மா" என்றார் அந்த மனிதர். அதற்கு அடுத்த கடைக்காரர் நான் நாற்காலியின் கதையை முதலிலிருந்து சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்மா, மரை கழண்டுருச்சா" என்று கேட்டார்.

இந்த வயதில், கையில் குடையோடு நிற்கும் ஒரு பெண்ணைப் பார்த்து இப்படிக் கேட்கிறார். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, என் மரை எதுவும் கழலவில்லை என்பதைக் காட்ட, பதினாறாம் வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து முன்னால் சொன்னேன். தட்டுத் தடுமாறாமல் சொன்னேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். முடிந்ததும் அவர் எனக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, வீட்டில் யாருக்காவது போன் பண்ண வேண்டுமா என்று விசாரித்தார். நான் தண்ணீரைத் தொடாமல் வெளியே வந்தேன்.

தெரு முனையில் ஒரு பழைய கடை. கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அதே கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். நெற்றியில் இருக்கிறது என்று சொன்னேன். அந்த நன்றியிலாவது என்னை மதிப்பார் என்று நினைத்தேன். அங்குல போல்ட் வேண்டும் என்றதும் அவர், "இருக்கும்மா. எத்தனை நூல்?" என்றார். சம்பந்தி அம்மா, அந்தத் தெருவில் ஒருவராவது நூலைப் பற்றிப் பேசினாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. எண்ணி வைத்தவளிடமல்லவா கேட்கிறார். "பதினெட்டு" என்றேன்.

அவர் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். "பதினெட்டு நூலா?"

"சந்தேகம் வேண்டாம். நானே எண்ணினேன்."

"எதுக்கும்மா?"

"நாற்காலிக்கு."

"அதுல யாரு உக்காரப் போறாங்க?" என்று கேட்டார். ஐயாவின் மேலுள்ள மரியாதையால் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். அவரும் அதற்கு மேல் கேட்காமல், அந்தச் சாமான் தன்னிடம் இல்லை, ஆற்றுப் பக்கம் பழைய இரும்புக் கிடங்கு இருக்கிறது, பாலம் கட்டுகிறவர்கள் அங்கேதான் வாங்குவார்கள் என்று வழி சொன்னார். ஒரு நாற்காலி போல்ட்டுக்குப் பாலம் கட்டுகிறவர்களிடம் போக வேண்டியிருக்கிறதே, அங்குலத்துக்கு இந்த உலகில் வந்த நிலையைப் பார் என்று எண்ணிக்கொண்டே ஆட்டோ பிடித்தேன்.

கிடங்கில் பதினெட்டு நூல் என்றேன். அங்கிருந்தவர் ஒரு மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போனார். அந்தச் சுறுசுறுப்பு எனக்குப் பிடித்திருந்தது. திரும்பும்போது கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் இரண்டு கைகளாலும் ஒன்றை அணைத்துக்கொண்டு வந்தார். போல்ட்தான். அதன் தலை என் வீட்டு இட்லித் தட்டின் குழி அளவு. உடம்பு என் மணிக்கட்டை விடப் பருமன். "இதாம்மா பதினெட்டு. நல்ல வேளை, ஒண்ணு இருந்துச்சு" என்று என் முன்னால் வைத்துத் துடைத்தார். என்ன நடந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கவில்லை என்று அந்த இடத்தில் சொல்ல என்னால் முடியவில்லை. அவர் அவ்வளவு தேடி எடுத்து வந்திருக்கிறார், துடைத்தும் வைத்துவிட்டார், சுற்றி நான்கு பேர் நான் இதை வைத்து எதைக் கட்டப் போகிறேன் என்று பார்க்கிறார்கள். "நட்டும் சேர்த்துக் கொடுங்கள்" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். நட்டு தனியாக ஒரு பாரம். ஆட்டோக்காரர் அதை மடியில் வைக்க வேண்டாம், கீழே வையுங்கள், வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றார். வீட்டுக்கு வந்ததும் மருமகள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "சின்னதா ஒண்ணும் கெடைக்கலையா அத்தை" என்று மட்டும் கேட்டாள். காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்கிறது, அதற்காக வாங்கினேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது அது கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது. கதவு அசைவதே இல்லை. திறக்கவும் சிரமமாக இருக்கிறது.

உண்மை எனக்குத் தெரிய வந்தது பக்கத்து வீட்டில் ஜன்னல் கம்பி மாட்ட வந்தவர்களின் வாயிலிருந்து. மேலே நின்றவர் கீழே நின்றவரிடம், "ரெண்டு நூல் கம்பி எடு" என்று கத்தினார். நான் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தேன். கீழே இருந்தவர் எடுத்தது பென்சிலை விட மெல்லிய கம்பி. அதில் வரியே இல்லை, வழவழவென்று இருந்தது. அப்படியானால் நூல் என்பது எண்ணுவது இல்லை, அளப்பது. அவர்கள் தேநீர் குடிக்கப் போன நேரம் பார்த்து அடிக்கோலை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். கால் அங்குலம். ஆக ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஒரு பங்கு; பதினெட்டு நூல் என்றால் இரண்டேகால் அங்குலப் பருமன். நான் நூல் என்று சொல்லிக்கொண்டிருந்ததை இந்தத் தொழிலில் மரை என்கிறார்கள். அந்தக் கடைக்காரர் கேட்டது என் மரையை அல்ல, போல்ட்டின் மரையை. அவர் முன்னால் சொன்ன வாய்ப்பாட்டை இனித் திரும்பப் பெற வழியில்லை. என் போல்ட்டை அளந்தேன். இரண்டரை நூல்.

மறுநாளே நெற்றிக்கண்ணாடிக்காரர் கடைக்குப் போய், "இரண்டரை நூல், இஞ்ச் மரை, ஒன்றரை அங்குல நீளம்" என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னாலிருந்த தகர டப்பாவில் கை விட்டு ஒன்றை எடுத்து வைத்தார். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லம்மா" என்றார். நீங்கள் கேட்டதற்குத்தான் நான் பதில் சொன்னேன் என்றேன். நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, அவர் கேட்டதிலும் ஒரு பிழையும் இல்லை, ஆனாலும் ஒரு பாலத்து போல்ட் என் கூடத்தில் இருக்கிறது. சம்பந்தி அம்மா, நாற்காலி பற்றி அன்று நான் சொன்னதும் தாங்கள் கேட்டதும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. இதற்கு மேல் இதைப் பற்றி நான் எழுதுவதற்கில்லை.

புதிய போல்ட் கையாலேயே ஆறேழு சுற்று வழுக்கிக்கொண்டு போகிறது. சனிக்கிழமை என் மகன் தன்னுடைய புது ஸ்பேனர்களால் இறுக்கிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் ஐயா அந்த நாற்காலியில் அமர வேண்டும், காப்பி சாப்பிட வேண்டும், எவ்வளவு வேண்டுமானாலும் சாய வேண்டும். கருவிப் பையை மட்டும் தயவுசெய்து வீட்டிலேயே விட்டு வரச் சொல்லவும். அதன் உதவி இந்த வீட்டுக்கு இனித் தேவைப்படாது. ஐயா போட்ட அந்த எட்டு எம்எம் போல்ட்டை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். குறை சொல்வதற்காக அல்ல, மரைகளைத் தாங்களும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பதற்காக.

ஐயாவுக்கு என் வணக்கத்தையும் அவர் இடுப்புக்கு என் அக்கறையையும் தெரிவிக்கவும். இரு வீட்டுப் பிள்ளைகளும் நீடூழி வாழட்டும். தங்கள் தையல் இனி நேர்கோட்டில் ஓடட்டும்.

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
சம்பந்தி

பின்குறிப்பு: உறைக்குப் பசை தடவும் நேரத்தில் என் மகன் அலுவலகத்திலிருந்து வந்தான். மேசையில் கிடந்த எட்டு எம்எம் போல்ட்டைப் பார்த்து, "இது ஏம்மா இங்க கெடக்கு? இத நான்தான போட்டேன்" என்றான்.

இனி அவனை உங்கள் மாப்பிள்ளை என்றே குறிப்பிடுகிறேன். சென்ற முறை தாங்கள் வருவதற்கு முன் வீட்டைப் பளிச்சென்று ஆக்குகிறேன் என்று நாற்காலிக்குக் கறுப்பு வண்ணம் அடித்த உங்கள் மாப்பிள்ளை, ஐயா போட்டிருந்த போல்ட் துருவேறிக் கிடக்கிறதே என்று அதைக் கழற்றிவிட்டு, கடையில் பளபளவென்று இருந்த ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார். இரண்டு சுற்றுக்கு மேல் ஏறவில்லையே, அது உறைக்கவில்லையா என்று கேட்டேன். "டைட்டா இருந்துச்சும்மா. நல்லாப் புடிச்சிருக்குன்னு நெனச்சேன்" என்றார். ஏன் இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்றதற்கு, நான் ஊரையெல்லாம் விசாரித்தேனாம், அவரை விசாரிக்கவில்லையாம். அதோடு, அன்று கீழே விழுந்து கிடந்த ஐயாவைத் தூக்கும்போது, ஐயா அந்தப் பளபளப்பைப் பார்த்துவிட்டு அவர் காதில் சொன்னாராம்: "விடுங்க மாப்ள. வாயத் தொறக்காதீங்க. ரெண்டு பக்கமும் பொம்பளைங்க நிக்கிறாங்க."

ஐயா போட்ட துருப்பிடித்த போல்ட் ஆணி டப்பாவில் இருந்தது. எண்ணினேன். பதினெட்டு. மறுபடி எண்ணினேன். இப்படி அசல் அங்குல போல்ட் ஐயாவுக்கு எங்கே கிடைத்தது, நான் தெருத் தெருவாக அலைந்தேனே என்று கேட்டேன். மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அது அம்மாவோட தையல் மிஷின் போல்ட்டு, அத்தை. ஒருத்தர்கிட்டயும் சொல்லாதன்னு அப்பா சொன்னாரு" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். உங்கள் மாப்பிள்ளையும் சேர்ந்துகொண்டார். பேத்தி காரணம் தெரியாமலே கைதட்டினாள். ஆக இந்த இரண்டு வீட்டிலும் விஷயம் தெரியாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தது தாங்களும் நானும் மட்டும்தான்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதியிருக்கலாம். பிழையை அழித்து மறைக்கக் கூடாது, அதன் மேல் ஒரு கோடு இழுத்துச் சரியானதைப் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது நான் படித்த பாடம். ஆகவே ஐயாவின் பழுதுபார்ப்பு பற்றி நான் எழுதியிருப்பதன் மேல் தாங்களே அடிக்கோல் வைத்து ஒரு கோடு இழுத்துக்கொள்ளவும். நாற்காலி முப்பது வருடம் தாங்கியது என்ற வாக்கியத்தின் மேல் வேண்டாம். அதன் இலக்கணம் சரி.

பாலத்து போல்ட்டை உங்கள் மாப்பிள்ளையின் மேசையில் வைத்திருக்கிறேன். அது அங்கேயே இருக்கும். அவருடைய புது ஸ்பேனர்களும் மில்லிமீட்டர்தான்; பதின்மூன்று எம்எம் புதிய போல்ட்டின் தலையில் ஏறவில்லை, பதினான்கு வழுக்குகிறது. உறையிலிருந்து எட்டு எம்எம்மை எடுத்துவிட்டேன். இப்போது உள்ளே இருப்பது தங்களுடைய இயந்திரத்தின் போல்ட்; அது எந்த ஓட்டைக்கு என்று ஐயாவுக்குத் தெரியும்.

ஞாயிறு வரும்போது ஐயாவை அந்தக் கருவிப் பையை மறக்காமல் எடுத்து வரச் சொல்லவும்.